ஒக்லாந்து இருண்ட ஐந்து கிழமை: மண்ணுக்குள் போன மின்கம்பிகளின் கதை

போன டிசம்பரில் யாழ்ப்பாணம் போய் வந்த அக்காவின் மகன் ஒரு படம் காட்டினான். அவனுக்குப் பதினாறு வயது. நல்லூர்ப் பக்கத்தில் ஒரு சந்தி. நாலு பக்கத்திலிருந்தும் மின்கம்பிகள் வந்து ஒரே கம்பத்தில் சிக்கிக் கிடக்கின்றன. அவற்றோடு தொலைபேசி வயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காகம்.

"மாமா, இதையெல்லாம் ஏன் நிலத்துக்குக் கீழ போடேல்லை? இன்னும் நூறு வருசம் பிந்தித்தான் இருக்கினம் போல."

நான் பொறியியலில் முதுகலை படித்தவன். இப்போது சோறு போடுவது கணினி வேலைதான் என்றாலும், மின்சாரம் பற்றி யாராவது கேட்டால் உடனே வாய் திறந்துவிடுவேன். அன்றைக்கு மட்டும் சோம்பல். "காசில்லை, அதுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

கதிரையில் இருந்த அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "தொண்ணூற்றெட்டில உனக்கு ஒன்பது வயசு. மறந்திட்டியோ?"

மறக்கவில்லை. அந்த வருடம் எங்கள் நகரமான ஒக்லாந்தின் நடுப்பகுதி ஐந்து கிழமை மின்சாரம் இல்லாமல் கிடந்தது. புயல் இல்லை, போர் இல்லை, நிலநடுக்கம் இல்லை. கம்பிகளும் மேலே தொங்கவில்லை. எல்லாம் மண்ணுக்குள் ஒழுங்காகப் புதைத்து வைத்த கேபிள்கள். மருமகனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அவனைப் போலக் கேட்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏன் புதைக்கத் தொடங்கினார்கள்?

முதலில் நியூயோர்க். 1882 செப்டம்பர் 4 அன்று எடிசன் அங்கே பேர்ல் வீதி மின்நிலையத்தை இயக்கி வைத்தார். அவருடைய கம்பிகள் தொடக்கத்திலிருந்தே தெருவுக்குக் கீழேதான் போயின. இரும்புக் குழாய்க்குள் செம்புக் கம்பிகள், இடைவெளியை நிரப்ப உருக்கி ஊற்றிய காப்புப் பொருள். அழுத்தம் ஏறக்குறைய 110 வோல்ற்று மட்டும் என்பதால் மண்ணுக்குள் வைப்பது பெரிய வித்தையாக இருக்கவில்லை. ஆனால் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் ஒரு மைல் தூரம் போவதற்கே திணறும்.

மற்றக் கொம்பனிகள் கம்பங்களையே நம்பின. தந்தி, தொலைபேசி, தெருவிளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி. அந்தக் காலத்து நியூயோர்க் படங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் நல்லூர்ச் சந்தி வெறும் சந்தி. 1884-லேயே கம்பிகளைப் புதைக்கச் சொல்லிச் சட்டம் வந்துவிட்டது. கொம்பனிகள் இழுத்தடித்தன. 1888 மார்ச்சில் பெரும் பனிப்புயல் அடித்துக் கம்பங்கள் சரிந்தன. 1889 ஒக்டோபர் 11 அன்று ஜோன் ஃபீக்ஸ் என்ற தந்திக் கம்பித் தொழிலாளி, நடுநகரில், மதிய நேரத்துக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, கம்பிகளுக்கு நடுவிலேயே மின்தாக்கி இறந்தார். அதன் பிறகுதான் நகர நிர்வாகம் ஆட்களை அனுப்பிக் கம்பங்களை வெட்டி வீழ்த்தத் தொடங்கியது.

ஆகவே புதைப்பதற்கு நல்ல காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் புதைத்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? அதற்கு அட்லாண்டிக்கைக் கடந்து லண்டனுக்கு வாருங்கள்.

பிரவுன் காகிதமும் ஓர் உளியும்

1887-ல் செபஸ்டியன் ஃபெராண்டிக்கு வயது 23. லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் ஆற்றோரம் டெப்ற்ஃபோர்ட்டில், அதுவரை யாரும் கட்டாத அளவு பெரிய மின்நிலையம் ஒன்றைக் கட்டப் புறப்பட்டார். நிலக்கரி கப்பலில் வந்து இறங்கும் இடத்தில் மின்சாரத்தை உண்டாக்கி, பல மைல் தூரத்து நகரத்துக்கு 10,000 வோல்ற்றில் அனுப்புவது அவருடைய திட்டம். அந்த அழுத்தத்தைத் தாங்கும் கேபிளை யாரும் விற்கவில்லை. ஆகவே தானே செய்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செம்புக் குழாய்கள், நடுவில் மெழுகில் ஊறிய பிரவுன் காகிதம். காகிதமா என்று சிரிக்காதீர்கள். அதற்குப் பின் பல பத்து வருடங்கள் உலகத்தின் பெரிய கேபிள்கள் எல்லாம் காகிதத்தை நம்பித்தான் ஓடின.

இது பாதுகாப்பா என்று அதிகாரிகள் பயந்தார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளில் ஓர் உளியை அடித்து இறக்கிக் காட்டினார்கள். உளியைப் பிடித்திருந்தவர் ஃபெராண்டியின் உதவியாளர். வெளிக்குழாய் நிலத்தோடு தொடுக்கப்பட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கேபிள் 20 அடித் துண்டுகளாகவே வந்தது. கணக்குப் போடுங்கள்: ஒரு மைலுக்கு 264 பொருத்துகள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் கையால் செய்ய வேண்டும். ஒன்று பிழைத்தாலும் அந்த வரிசை முழுக்க நிற்கும். இன்றைய துண்டுகள் நூற்றுக்கணக்கான மீற்றர் நீளம். ஆனாலும் ஒரு நிலக்கீழ்க் கேபிள் பழுதாகும்போது முதலில் சந்தேகப்படும் இடங்களில் ஒன்று இன்றும் பொருத்துத்தான்.

அவர் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. டெப்ற்ஃபோர்ட்டில் கொடுத்த அழுத்தத்தைவிட லண்டன் முனையில் அழுத்தம் கூடுதலாக இருந்தது! வழியில் குறைய வேண்டியது எப்படிக் கூடும்? இன்றைக்கும் இதற்குப் பெயர் ஃபெராண்டி விளைவு.

பள்ளிக்கூடப் பௌதிகத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு உலோகம், நடுவில் ஒரு காப்புப் பொருள்: அதுதான் கொள்ளளவி. கேபிள் என்பது பல மைல் நீளத்துக்கு இழுத்துவிட்ட ஒரு கொள்ளளவி. ஆடலோட்ட மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று அதை நிரப்பி வெறுமையாக்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் கேபிள் தன் பங்கைக் குடித்துக்கொண்டிருக்கும். நீளம் கூடக் கூட அந்தப் பங்கு கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கேபிளின் கொள்ளளவு முழுவதையும் அதுவே தின்றுவிடும். உயரத்தில் போகும் கம்பிக்கும் இது உண்டு, ஆனால் கொஞ்சம்தான். ஏனென்றால் கம்பிக்கும் நிலத்துக்கும் நடுவில் நிறையக் காற்று.

இதற்கு நல்ல உதாரணம் நியூசிலாந்திலேயே இருக்கிறது. தெற்குத் தீவின் பென்மோர் அணையிலிருந்து வடக்குத் தீவுக்கு மின்சாரம் கொண்டுவரும் இணைப்பு 1965-ல் தொடங்கியது. மொத்தம் ஏறக்குறைய 610 கிலோமீற்றர். அதில் குக் நீரிணைக்கு அடியில் போகும் 40 கிலோமீற்றர்தான் கேபிள். மிச்சம் முழுக்க மலையும் வயலும் தாண்டி மேலே போகும் கம்பி. முழு இணைப்பும் நேரோட்ட மின்சாரம். ஃபெராண்டியைப் படுத்திய தொல்லை நேரோட்டத்துக்கு இல்லை. கடலுக்குள் கம்பம் நட முடியாததால் அங்கே மட்டும் கேபிள் போட்டார்கள்.

1998

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒக்லாந்தின் நடுப்பகுதிக்கு அந்த வருடம் மின்சாரம் கொண்டுவந்தவை 110,000 வோல்ற்று நிலக்கீழ்க் கேபிள்கள் நான்கு. இரண்டு பென்ரோஸ் பக்கத்திலிருந்து வந்தன. அவற்றின் காப்புக்குள் அழுத்தம் ஏற்றிய வாயு. வயது நாற்பதுக்குக் கிட்ட, பழுது பார்த்துப் பார்த்து ஓட்டியவை. மற்ற இரண்டும் ரொஸ்கில் பக்கத்திலிருந்து வந்தன, அவற்றுக்குள் எண்ணெய். நாங்கள் அப்போது இருந்தது ரொஸ்கிலில்தான்.

ஜனவரி: வாயுக் கேபிள் ஒன்று பழுதானது.

பெப்ரவரி 9: மற்ற வாயுக் கேபிளும் போனது.

பெப்ரவரி 19: எண்ணெய்க் கேபிள் ஒன்று.

பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை: கடைசியும் நின்றது.

நடுநகரில் வேலை செய்தவர்கள் சுமார் 74,000 பேர். அவர்களில் 60,000 பேர் வீட்டிலிருந்தோ புறநகரில் வாடகைக்கு எடுத்த இடங்களிலிருந்தோ வேலை செய்ய வேண்டியதாயிற்று. சில நிறுவனங்கள் ஆட்களை அவுஸ்திரேலியாவுக்கே அனுப்பின. அங்கே மாடிவீடுகளில் குடியிருந்த 6,000 பேரில் பெரும்பாலானோர் வேறு தங்குமிடம் தேடினார்கள்.

என் அப்பா அந்த 74,000 பேரில் ஒருவர். ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவில் துப்புரவு வேலை. மணித்தியாலச் சம்பளம், வேலை இருந்தால்தான் காசு. கட்டடம் பூட்டிக் கிடந்தால் எதைத் துடைப்பது? இரண்டாம் கிழமை இரண்டே நாள் கூப்பிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிகளில் அழுகிப்போன சாப்பாட்டைப் பைகளில் கட்டி, பதினாலு மாடி படியால் இறக்குகிற வேலை. கையில் ரோர்ச், தோளில் பை. வீட்டுக்கு வந்து வாசலிலேயே சேட்டைக் கழற்றிப் போட்டார். அந்த மணம் எனக்கு இன்னும் ஞாபகம். அந்த மாத வாடகையை அம்மா சீட்டுக் காசில் கட்டினார் என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மம்மா அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதம். 1990-க்குப் பிறகு பல வருடம் குப்பி விளக்கிலும் ஜாம் போத்தல் விளக்கிலும் வாழ்ந்தவர். எங்கள் வீட்டில் லைற் எரிகிறது, நகரத்தில் இல்லை என்றதும் அவருக்கு நம்பவே முடியவில்லை. "புறத்தில கறண்ட் இருக்கு, பட்டினத்தில இல்லையோ? இது மறுவளமெல்லோ!" ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் காரில் ஏற்றி நகரத்தைக் காட்டக் கூட்டிப் போனார். தெரு நெடுக டீசல் ஜெனரேற்றர்களின் இரைச்சலும் புகையும். அம்மம்மா கண்ணாடியை இறக்கி மூக்கை நீட்டினார். "இது எங்கட ஊர் மணம்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

ஏன் ஐந்து கிழமை?

இதுதான் மருமகனுக்கு நான் சொல்லத் தவறியது. ஒரு கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஏணி, லொறி, நாலு பேர் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே ஒட்டிவிடலாம். கேபிள் பழுதானால் முதல் வேலை தேடுவது. ஒரு முனையிலிருந்து மின்துடிப்பை அனுப்பி, அது பழுதில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பார்கள். இன்னொரு முறை, உயர் அழுத்த அடிகளை அனுப்பி, தெருவில் காதை வைத்து, மண்ணுக்குள் எங்கே 'டொக்' என்று கேட்கிறது என்று தேடுவது. பிறகு தெருவைத் தோண்ட வேண்டும். அதே பள்ளத்தில் தண்ணீர்க் குழாயும் காஸ் குழாயும் தொலைபேசியும் போகும். பிறகு பழுதான பகுதியை வெட்டி, ஈரமும் தூசும் புகாமல் புதிய துண்டைப் பொருத்த வேண்டும். அது நாட்கணக்கான கைவேலை. கேபிளின் வகை பழசாகப் பழசாக அதை ஒட்டத் தெரிந்த கைகளும் குறையும்.

இரண்டாவது, சூடு. மின்சாரம் போகும் எந்தக் கம்பியும் சூடாகும். மேலே தொங்கும் வெறும் கம்பியைக் காற்றே ஆற்றிவிடும், தேத்தண்ணியை ஆற்றுவது போல. கேபிளோ போர்வை சுற்றி வைத்த சோற்றுப் பானை. அதன் சூடு காப்பைக் கடந்து, உறையைக் கடந்து, மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஈரமண் சூட்டை நன்றாகக் கடத்தும். காய்ந்த மண் கடத்தாது. கேபிளின் சூடே மண்ணைக் காயவைக்கும். காய்ந்த மண் சூட்டை அடைத்து வைக்கும், கேபிள் இன்னும் சூடாகும், மண் இன்னும் காயும்.

1998-ன் கோடை எல்நினோக் கோடை. வெயில், மழை குறைவு. அலுவலகங்களில் ஏசி முழு வேகத்தில் ஓடியது. முதல் இரண்டு கேபிள்கள் போனதும் அவற்றின் சுமையும் மிச்ச இரண்டின் தலையில் ஏறியது. ஆனால் வெயிலை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. அரசாங்கம் பிறகு விசாரணை வைத்தது. அந்தக் கேபிள்களின் உண்மையான தாங்கும் திறன், நினைத்திருந்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. மண்ணுக்குள் இருப்பது வருடக்கணக்காக யார் கண்ணிலும் படாதபோது ஏட்டில் எழுதிய எண்ணையே எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

கடைசியில் நகரத்தை மீட்டது எது தெரியுமா? ரயில் பாதையோரம் அவசரமாகக் கம்பம் நட்டு இழுத்த ஒரு மேல்நிலைக் கம்பி. கேபிள்களை நம்பியிருந்த நகரம், மார்ச் கடைசியில், கம்பத்தில் தொங்கும் கம்பியால் எழுந்தது. அப்பாவுக்கும் வேலை திரும்பியது.

அதற்குப் பிறகு பென்ரோஸிலிருந்து நகரத்துக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் வெட்டிக் கேபிள்களை அதற்குள் வைத்தார்கள். மனிதர் உள்ளே போய்ப் பார்க்கலாம், காற்று ஓட்டிச் சூட்டை வெளியேற்றலாம். அதாவது, மண்ணுக்குள் போனதால் இழந்த இரண்டையும், பார்வையையும் காற்றையும், பெருங்காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

மேலே தொங்குவது மட்டும் உத்தமமா?

இல்லை. 2006 ஜூன் 12 அன்று பலத்த காற்றில், ஒக்லாந்தின் ஒட்டாஹுஹு உபநிலையத்தில் துருப்பிடித்த ஒரு சின்ன இரும்புக் கொளுவி உடைந்து, மேலே போன கம்பி ஒன்று கருவிகளின் மேல் விழுந்தது. நகரத்தின் பெரும்பகுதி இருண்டது. ஆனால் அன்று பின்னேரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிட்டது. அன்று மணித்தியாலக் கணக்கு. 1998-ல் கிழமைக் கணக்கு.

பெரும்புயலில் கதை மாறும். 2018 நவம்பரில் கஜா புயல் தமிழ்நாட்டின் காவிரிப் படுகை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கிராமங்கள் நாட்கணக்காக, சில இடங்களில் கிழமைக்கணக்காக, இருளில் கிடந்தன. அங்கே போய்க் கேபிளின் குறைகளைப் பட்டியல் போட்டால் அடிக்க வருவார்கள், நியாயமாக. புயல் அடிக்கடி வரும் கரையில், மக்கள் நெருக்கமாக வாழும் நகரத்தில், ஊருக்குள் போகும் குறைந்த அழுத்தக் கம்பிகளைப் புதைப்பது நல்ல முடிவாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான மைல் போகும் உயர் அழுத்தக் கம்பிகளைப் புதைப்பது வேறு கணக்கு. செலவு பல மடங்கு, பழுது பார்க்கும் காலமும் பல மடங்கு. அதனால்தான் பணக்கார நாடுகளிலும் நெடுஞ்சாலையோரம் கோபுரங்கள் நிற்கின்றன. காரில் போகும்போது பாருங்கள்.

ஆகவே மருமகனே, அன்று நான் சொன்ன "காசில்லை" அரைப் பதில்தான். யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அந்தப் பாறையில் தெருத் தெருவாகப் பள்ளம் வெட்ட வேண்டும். போருக்குப் பிறகு நாட்டின் மின்வலை வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்ததும் கோபுரங்களில் தொங்கிய கம்பிகளில்தான். சந்தியில் சிக்கிக் கிடக்கும் வயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது உண்மை, அது ஆபத்தும்கூட. ஆனால் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக ஓர் ஊரைப் பிந்தியது என்று சொல்லாதே. எங்கள் நகரம் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தது. உன் தாத்தா பதினாலு மாடி படியால் அழுகின சாப்பாடு சுமந்தார்.

இதை அவனுக்குச் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்கள் நிண்ட ஒரு நாள் அந்தச் சந்தியில கறண்ட் போனது, மாமா" என்றான். பிறகு?

"ரெண்டு பேர் ஏணியோட வந்தவை. அம்மம்மா தேத்தண்ணி போட்டு முடிக்கேக்க வந்திட்டுது."